வேனில் வாழ எத்தனை வாட் வேண்டும்?

என் அம்மா பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கொள்கலன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அவர் செய்த முதல் காரியம் ஒரு பழைய வேனை வாங்கியதுதான். தீபகற்ப மலேசியாவை அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்க வேண்டும், வேனிலேயே படுத்து வேனிலேயே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர் திட்டம். லோரியில் எத்தனையோ ஊருக்குப் போயும் ஓர் ஊரையும் நின்று பார்த்ததில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "என் மருந்த எதுல வைக்கிறது?"

நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எனவே அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியது. வேனில் சூரிய மின்சாரம் அமைப்பது எப்படி என்று இணையத்தில் நூற்றுக்கணக்கான காணொளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. எல்லாமே "எத்தனை வாட் தகடு வாங்கலாம்" என்றுதான் தொடங்குகின்றன. நாங்கள் தொடங்கியது வேறு இடத்தில்: எது நின்றால் பயணமே நின்றுவிடும்?

எங்களுக்கு அது குளிர்பெட்டி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம். இதை உங்கள் மருந்தாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வகைக்கு வகை மாறும். ஆனால் நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வேனுக்குள் 50 டிகிரியைத் தொடுவது சர்வ சாதாரணம். அங்கே பேனாவும் தாங்காது, இருப்பில் உள்ள மருந்தும் தாங்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்சுலின் உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே குளிர்பெட்டியை 5 டிகிரியில் வைத்து, மருந்தை உறையும் பகுதியை ஒட்டாமல் ஒரு சிறிய டப்பாவுக்குள் வைக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பக்கத்தில் பத்து ரிங்கிட்கூட ஆகாத ஒரு வெப்பமானி.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

வாட், வாட்-மணி என்ற இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அப்பாவுக்கு நான் லோரி மொழியில் சொன்னேன்: வாட் என்பது வண்டியின் வேகம், வாட்-மணி என்பது ஓடிய தூரம். 20 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுற்றினால் 200 வாட்-மணி. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லப்போனால், மின்சாரத்தை அளந்து செலவழிப்பது அவருக்குப் புதிதே இல்லை. அவர் வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் ஓடத் தொடங்கி, இரவு பத்து மணிக்கெல்லாம் நின்றுவிடுமாம். அதற்குள் படித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணெண்ணெய் விளக்கு.

ஒரு தாளில் எழுதினோம். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் குளிர்பெட்டி ஓடும்போது 45 வாட் எடுக்கும். எப்போதும் ஓடாது. வேண்டிய குளிர் வந்ததும் நின்று, மீண்டும் தொடங்கும். குளிர்ந்த நாடுகளில் எடுத்த காணொளிகளில் அது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும் என்பார்கள். நம் வெப்பத்தில் பாதி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 12 மணி நேரம் என்றால் 540 வாட்-மணி. மின்விசிறிக்கு 200. இரண்டு எல்இடி விளக்குகளுக்கு 40. இரண்டு கைப்பேசிகளுக்கு 30. மொத்தம் 810. கம்பியிலும் பேட்டரியிலும் வீணாவதைச் சேர்த்து 900 என்று முடிவு செய்தோம்.

பட்டியலைப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு குளிர்பெட்டிக்கே போகிறது. கைப்பேசிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. இதை எழுதிப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்களிடம்தான் தேவையில்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன.

தகட்டில் எழுதியிருப்பதும் கூரையில் கிடைப்பதும்

சூரியத் தகட்டின் பின்புறம் 175 வாட் என்று எழுதியிருந்தால், அது ஆய்வகத்தில் அளந்த எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ வேண்டும், தகட்டின் கலங்கள் 25 டிகிரியில் இருக்க வேண்டும். மலேசியாவில் நண்பகல் வேன் கூரையில் கிடக்கும் தகடு 60, 65 டிகிரி வரை கொதிக்கும். சிலிக்கன் கலங்கள் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு திறனை இழக்கும். 40 டிகிரி கூடினால் 14 விழுக்காடு அங்கேயே போய்விட்டது. வெயில் அதிகம் என்பதால் மின்சாரமும் அதிகம் என்று நினைப்போம். தகட்டுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை. அதனால்தான் தகட்டைக் கூரையோடு ஒட்டாமல், காற்று புகுந்து போக அடியில் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினோம்.

நம் நாட்டில் ஒரு நாளில் கிடைக்கும் வெயிலை முழுவீச்சு வெயிலாகச் சுருக்கினால் சராசரியாக நான்கு முதல் ஐந்து மணி நேரம் வரும். கெடா, பெர்லிஸ் பக்கம் கொஞ்சம் கூடுதல். நான் நான்கு என்றே வைத்துக்கொண்டேன். 900 வாட்-மணியை நான்கால் வகுத்தால் 225 வாட். சூடு, தூசு, பறவை எச்சம், கம்பி இழப்பு எல்லாம் போகப் பத்தில் ஏழு பங்குதான் கைக்கு வரும் என்று கொண்டால் 320 வாட் தேவை. வேன் கூரையில் 175 வாட் தகடுகள் இரண்டு தாராளமாக உட்கார்ந்தன. ஆக 350.

வெளிநாட்டுக் காணொளிகளில் தகட்டைச் சாய்த்து வைக்கும் தாங்கிகளுக்குப் பெரிய விளம்பரம் நடக்கும். லண்டனுக்கு அது தேவை. தீபகற்ப மலேசியா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்று முதல் ஏழு டிகிரிக்குள் இருக்கிறது. சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேதான் போகிறது. கூரையில் கிடைமட்டமாகக் கிடப்பதே நமக்குப் போதும். மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய லேசான சரிவு இருந்தால் சரி. அந்தத் தாங்கிக்கு ஆகும் பணம் மிச்சம்.

நிழல் விஷயத்தில் அப்படி அலட்சியமாக இருக்க முடியாது. ஒரு தகட்டில் கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைந்திருக்கும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் தகட்டின் மூன்றில் ஒரு பங்கு செயலிழக்கலாம். மனிதனுக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். இதற்கு யாரும் நல்ல விடை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. லூமுட்டிலிருந்து அப்பா கைப்பேசியில் அழைத்தார்: "வெயில்ல நிறுத்துனா பேட்டரி நெறையுது தம்பி, நாங்கதான் வேகுறோம்."

அவர்களே கண்டுபிடித்த வழி இது. மேற்குக் கரையில் பல நாள் பிற்பகலில்தான் இடியுடன் மழை கொட்டுகிறது, காலை வேளை தெளிவாக இருக்கிறது. எனவே கிழக்குப் பக்கம் திறந்த இடமாகப் பார்த்து இரவில் நிறுத்துகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை வேன் வெயிலில் நிற்கும், அவர்கள் இருவரும் கோயிலிலோ சந்தையிலோ சாப்பாட்டுக் கடையிலோ இருப்பார்கள். பிற்பகலில் வேன் மர நிழலுக்குப் போகும்.

பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது

லோரி பேட்டரியையே போட்டுவிடலாம் என்பது அப்பாவின் முதல் யோசனை. வண்டியைக் கிளப்பும் ஈய-அமில பேட்டரி சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துவிடும். அதற்கென்றே வரும் ஈய-அமில வகையில்கூடப் பாதிக்கு மேல் எடுப்பது ஆயுளுக்குக் கேடு. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு 50தான். எடையோ 30 கிலோவை நெருங்கும்.

நாங்கள் வாங்கியது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, அதாவது 1,280 வாட்-மணி. அதில் பத்தில் ஒன்பது பங்கை அச்சமில்லாமல் எடுக்கலாம். எடை ஏறத்தாழ 12 கிலோ. ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். இந்த வேதிப்பொருளை 1990களில் மின்கலத்துக்கு ஏற்றதென்று காட்டியது ஜான் குட்எனஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு. லித்தியம் மின்கல ஆய்வுக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர். செமஸ்டர் தேர்வு கைநழுவிவிட்டது என்று சோர்ந்திருக்கும் நண்பர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

உறைநிலைக்குக் கீழே இந்த பேட்டரியை ஏற்றக்கூடாது என்பதால் குளிர்நாடுகளில் சூடேற்றி பொருத்திய பேட்டரி விற்கிறார்கள். கேமரன் மலையில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை எதிர்ப்பக்கம். 45 டிகிரிக்கு மேல் ஏற்றுவதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே இயந்திரத்துக்குப் பக்கத்திலோ, வெயில் படும் கண்ணாடியை ஒட்டியோ வைக்காமல், படுக்கைக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் வைத்தோம்.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் வேண்டும். பிடபிள்யூஎம், எம்பிபிடி என இரண்டு வகை. மலிவான முதல் வகை தகட்டின் மின்னழுத்தத்தை பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 100 வாட் தகடு 18 வோல்ட்டில் 5.55 ஆம்பியர் தருகிறது என்று வையுங்கள். 13 வோல்ட்டில் நிற்கும் பேட்டரிக்கு அதே 5.55 ஆம்பியர்தான் போகும். பெருக்கிப் பாருங்கள், 72 வாட். எம்பிபிடி வகை கூடுதல் மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றிக் கொடுத்துவிடும். கூரையில் இடம் குறைவாக இருக்கும்போது இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

படிவம் 5 பாடம் வேனுக்குள்

புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு வாரம் வேனில் படுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் விடியற்காலை குளிர்பெட்டி நின்றிருந்தது. வெப்பமானி 14 காட்டியது. நல்ல வேளையாக உள்ளே தண்ணீர்ப் போத்தல்களை மட்டுமே வைத்திருந்தோம். கண்ட்ரோலரைப் பார்த்தால் பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கிறது. குளிர்பெட்டி பழுது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

நான் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் 13.1 வோல்ட். கம்ப்ரசர் தொடங்கும் நொடியில் குளிர்பெட்டியின் செருகியில் 11.3 வோல்ட். நடுவில் 1.8 வோல்ட் எங்கே போயிற்று? கம்பிக்குள். பொருத்திக்கொடுத்த கடைக்காரர் விளக்குக்குப் போடும் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியையே குளிர்பெட்டிக்கும் இழுத்திருந்தார். பேட்டரியிலிருந்து குளிர்பெட்டிக்கு ஐந்து மீட்டர், திரும்பி வர ஐந்து மீட்டர். படிவம் 5 இயற்பியலில் படித்தது நினைவிருக்கும்: மின்தடை என்பது தடைத்திறனை நீளத்தால் பெருக்கிக் குறுக்குப் பரப்பால் வகுப்பது. செம்புக்குத் தடைத்திறன் 0.0172. அதைப் பத்தால் பெருக்கி 0.75ஆல் வகுத்தால் 0.23 ஓம். தொடங்கும் நொடியில் 8 ஆம்பியர் இழுத்தால், 8 பெருக்கல் 0.23. வந்துவிட்டது அந்த 1.8 வோல்ட்.

இத்தகைய குளிர்பெட்டிகளில் பேட்டரியைக் காக்க ஒரு தற்காப்பு உண்டு. தனக்கு வரும் மின்னழுத்தம் குறைந்தால் பேட்டரி காலியாகிறது என்று எண்ணித் தானே நின்றுவிடும். பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. தெரிவதெல்லாம் தன் செருகியில் உள்ள வோல்ட் மட்டும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு மாற்றினோம். இழப்பு 0.34 வோல்ட்டுக்கு இறங்கியது. அதன் பிறகு குளிர்பெட்டி நிற்கவே இல்லை. மாற்றிய கம்பியின் விலை, அப்பா வாங்கத் துடித்த மூன்றாவது தகட்டின் விலையில் ஒரு சிறு பகுதி.

கம்பி என்றதும் உருகியைச் சொல்லாமல் விடக்கூடாது. 12 வோல்ட் தொட்டால் உடம்பில் ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்து தீயில் இருக்கிறது. லித்தியம் பேட்டரியின் இரு முனைகளும் தவறுதலாகச் சேர்ந்தால் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், கம்பி சிவக்கும், பக்கத்தில் மெத்தை இருக்கும். உருகி பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கம்பி தாங்கும் மின்னோட்டத்தைவிட அது குறைவானதாக இருக்க வேண்டும். லோரி வயர் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அப்பாவிடம் இதற்கு வாதாட வேண்டியிருக்கவில்லை.

ரைஸ் குக்கர் சண்டை

அம்மாவிடம்தான் வாதாட வேண்டியிருந்தது. ரைஸ் குக்கர் இல்லாமல் எப்படி? 500 வாட் குக்கர் அரைமணி நேரம் ஓடினால் 250 வாட்-மணி. 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் விழுங்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு அன்றைய மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அது ஓடும் நேரமெல்லாம் பேட்டரியிலிருந்து 45 ஆம்பியருக்கு மேல் பாயும். அதற்கு விரல் தடிமனுக்குக் கம்பி போட வேண்டும். கணக்கைக் காட்டியதும், "கேஸ் அடுப்புல வடிச்சிக்கிறேன், போ" என்றார். கதவைத் திறந்து வைத்துச் சமைக்க வேண்டும், மூடிய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும் என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடைசியில் இன்வெர்ட்டரே வாங்கவில்லை. 12 வோல்ட்டில் நேராக ஓடாத எதுவும் அந்த வேனில் இல்லை.

அந்தப் பணத்தில் வாங்கியது ஒரு டிசி-டிசி சார்ஜர். வேன் ஓடும்போது இயந்திரத்தின் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் எடுத்து வீட்டு பேட்டரியை நிரப்பும் சிறு பெட்டி. நம் நாட்டில் வேனில் வாழ நினைப்பவர்களுக்கு மூன்றாவது தகட்டைவிட இதுதான் பயன்படும் என்பது என் கருத்து. தைப்பிங்கைப் போன்ற மழை ஊரில் நாள் முழுதும் மூட்டமாக இருந்தால் எங்கள் 350 வாட் தகடுகள் 250 வாட்-மணி தந்தால் பெரிய விஷயம். 525 வாட்டாக்கினாலும் 375தான் வரும். 20 ஆம்பியர் சார்ஜரோ இரண்டு மணி நேரம் ஓட்டினால் 500 வாட்-மணிக்குக் குறையாமல் கொடுக்கும். மழை நாளில் தினம் 900 செலவு, 750 வரவு. பேட்டரியில் உள்ள இருப்பு ஒரு வாரம் தாங்கும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் இரண்டு நாள்கூடத் தாங்காது. அப்பாவின் நாட்குறிப்பில் முதல் பக்கத்தில் இதைத்தான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: மழை பெய்தால் இரண்டாம் நாள் வண்டி எடுக்க வேண்டும்.

எல்லாமே கைவிட்டாலும் அம்மாவுக்கு ஒரு வழி வேண்டும் என்பதால், தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிர்ச்சி தரும் இன்சுலின் பை ஒன்று எப்போதும் கூட இருக்கிறது. அது மின்சாரம் கேட்பதில்லை.

உங்களில் பெரும்பாலோர் இப்போதைக்கு வேனில் குடியேறப் போவதில்லை. பல்கலைக்கழக நண்பர்களோடு இரண்டு இரவு கூடாரம் போடத்தான் போவீர்கள். அதற்கு இவ்வளவும் தேவையில்லை. பேட்டரி, கண்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் 500 வாட்-மணி பவர் ஸ்டேஷன் ஒன்றை நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்கினால் கைப்பேசி, விளக்கு, சிறு மின்விசிறி எல்லாவற்றுக்கும் போதும். வாங்கும் முன் தாளில் கணக்கை எழுதுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, சிறிதாக எழுதியிருக்கும் வாட்-மணியைத் தேடுங்கள். வேனையே மாற்றியமைக்கிறவர்கள் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. எங்கள் வேலையில் அதிக நாள் எடுத்தது அந்தத் தாள்கள்தான், கம்பிகள் இல்லை.

இதுவரை பேராக், பினாங்கு, கெடா, பெர்லிஸ் முடிந்திருக்கிறது. அடுத்து கிளந்தான், திரங்கானு. ஆனால் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கிழக்குக் கரையில் வெயிலும் இருக்காது, வெள்ளத்தில் சாலையும் இருக்காது. தகடும் சார்ஜரும் ஒருசேரப் பயனற்றுப் போகும் மாதங்கள் அவை. அப்பா பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டார். அதுவரை வேன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. குளிர்பெட்டியை அணைக்க அம்மா சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் ஐஸ் கச்சாங்குக்கு ஐஸ் வைத்துக்கொள்கிறார்கள்.